குக்கர் விசிலை வெட்டிய பாவம்

சகாயமேரி டீச்சர் என் கடை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடினார். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். நான், பாம்பன் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் ஜெசிந்தா அக்கா, உச்சிப்புளியில் லோடு ஆட்டோ ஓட்டும் முனியசாமி.

டீச்சர் முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தோம். கால் தாளம் போடுகிறதா என்று முனியசாமி குனிந்தே பார்த்துவிட்டான். செருப்பு இருந்த இடத்தில் இருந்தது. ஃபேன் சத்தம் பாட்டைக் கெடுத்துவிடக் கூடாது என்று அதையும் நிறுத்தியிருந்தேன். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் செல்போன் ரிப்பேர் கடை, கத்திரி வெயில், ஃபேன் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மூன்று பாட்டு, மொத்தம் பதினொரு நிமிஷம். அந்தப் பதினொரு நிமிஷத்தில் ஒரு மனிதரின் கல்யாணமும், அவர் இனிமேல் பாட வேண்டிய பாட்டும் மாட்டிக்கொண்டிருந்தன.

போன வாரம் இந்தப் பத்தியில், தண்ணீரில் விழுந்த செல்போனை அரிசிப் பானையில் புதைத்த மாமியாரைப் பற்றி எழுதினேன். எங்களைத்தானே எழுதினாய் என்று இரண்டு வீட்டிலிருந்து சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதனால் இந்த வாரம், எழுதிக்கொள் என்று வாயாரச் சொன்ன ஆட்களை மட்டும் எழுதுகிறேன்.

டப்பில் நிற்கிற பாடகர்

ஆரோக்கியம் அண்ணனுக்குத் தொழில், பாம்பனில் மீன்பிடி போட்டுகளின் இன்ஜின் பழுது பார்ப்பது. வீடு தங்கச்சிமடம். மற்ற நேரமெல்லாம் பாட்டு. பழைய கீபோர்டில் டிஸ்கோ தாளத்தை ஓடவிட்டு, அதன்மேல் மனதில் பட்டதைப் பாடி, போனில் பதிவுசெய்து எங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்பிவிடுவார். வாரத்துக்கு மூன்று, நான்கு வரும். மழை பெய்தால் ஏழுகூட வரும்.

எதைப் பற்றி என்று கேட்காதீர்கள். கால் கட்டைவிரலைக் கடித்த நண்டு பற்றிப் பாட்டு உண்டு. மாதா கோயில் திருவிழாவில் தொலைந்த ஒற்றைச் செருப்புக்கு ஒரு பாட்டு, ‘நாளைக்கு வா’ என்று ஒன்பது தடவை சொன்ன கிளார்க்குக்கு ஒன்பது சரணத்தில் ஒரு பாட்டு. ஆயிரத்தைத் தாண்டியபிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம்.

மேடையில் பாடும்போது நீலக் கலர் பிளாஸ்டிக் டப்பில் கடல் தண்ணீர் ஊற்றி, அதற்குள் வெறுங்காலோடு நின்றுதான் பாடுவார். கால் காய்ந்தால் தொண்டை காய்ந்துவிடுமாம். பக்கத்தில் கரண்டு வயர் கிடக்கும். பாட்டு முடியும்வரை வயரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது முனியசாமியின் பொறுப்பு. அவன் ஒரு கச்சேரியைக்கூட நிம்மதியாகக் கேட்டதில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய கிறுக்கு ஒன்று உண்டு. ஒரு பாட்டை அவர் ஒரு தடவைதான் பாடுவார். அனுப்பிய கையோடு போனிலிருந்தும் அழித்துவிடுவார். மறுபடி கேட்டால், பிடித்த மீனைத் திரும்பக் கடலில் விட்டுப் பிடிப்பாகளா என்பார். ‘ஒத்தப்பாட்டு ஆரோக்கியம்’ என்று ஊரில் பேரே விழுந்துவிட்டது. அவர் பாடியதெல்லாம் மொத்தமாக உலகத்தில் இருக்கிற ஒரே இடம் என் கடை ஹார்ட் டிஸ்க்.

மீன்பிடித் தடைக்காலத்தில் போட்டெல்லாம் கரையேறி, இன்ஜினெல்லாம் பிரிந்து கிடக்கும். அண்ணனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, எங்களுக்குப் பாட்டு வராது. தடைக்காலம் எப்போது முடியும் என்று மீனவர்களைவிட ஆவலாகக் காத்துக்கிடக்கிற ஜனம் இந்தக் கடற்கரையில் நாங்கள் மட்டும்தான்.

நான் மாட்டிய கதை

என்னை ஏதோ பிறவி ரசிகன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கடை போடுவதற்கு முன்னால் ஷார்ஜாவில் ஒரு குடோனில் வேலை பார்த்தபோது, ரூமில் கூட இருந்த மண்டபத்துக்காரர் ஒரு பாட்டை ஓடவிட்டார். கேட்ட உடனே, இந்தக் கழுதைக் கத்தலை நிறுத்துங்கள் காக்கா என்றேன். எங்கள் பக்கத்தில் மூத்தவரைக் காக்கா என்போம். அவர் நிறுத்தவில்லை.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் கீழக்கரை பஸ்ஸுக்குக் காத்திருப்பது பற்றிய பாட்டு அது. கதை, திருப்பம் எதுவும் கிடையாது. பஸ் வரவில்லை, ஒரு டீ, பஸ் வரவில்லை, இன்னொரு டீ, அவ்வளவுதான். பாட்டுக்குப் பின்னால் யாரோ ஒரு கண்டக்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். நான் சோப்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஊரைவிட்டு வந்து நான்கு வருஷம் ஆகியும் வராத அழுகை, அந்தக் கண்டக்டரின் சத்தத்தில் வந்தது.

இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என்னை மாட்டிவிட்டது பாட்டு இல்லை, பின்னால் கேட்ட இரைச்சல். இது தெரிந்த நான்தான் பிறகு அந்த வேலையைச் செய்தேன்.

எந்த மூன்று?

அண்ணனோடு இருந்த ஒரே ஆள் அவரைப் பெற்ற அய்யா. பக்கவாதத்தில் பல வருஷம் படுக்கையில் கிடந்தவர். அந்த மகராசன் போனபிறகு அண்ணன் வீட்டில் அடுப்பே பற்ற வைக்கவில்லை. மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடு. ஐம்பதை நெருங்குகிற வயதில் அவர் முதல்முறையாக ஜெசிந்தா அக்காவிடம், எதிரில் ஒரு ஆள் இருந்து சாப்பிட்டா நல்லாருக்கும் தங்கச்சி என்று சொன்னார்.

அக்கா விடுவாரா? பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார். முதல் வீட்டில் நண்டுப் பாட்டைக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கு ஏதும் வைத்தியம் பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். இரண்டாவது வீட்டில் கேட்கவே இல்லை, வாசல் வரை வந்து வழியனுப்பி வைத்தார்கள்.

மூன்றாவது இடம்தான் சகாயமேரி டீச்சர். காளையார்கோயில் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயது, ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அம்மாவையும் தம்பிகளையும் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது வயது ஓடியிருந்தது. ஆள் யாரென்று தெரிய வேண்டுமானால் முதலில் பாட்டைக் கொடுங்கள் என்று அவராகவே கேட்டார்.

அண்ணன் எங்களைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார்.

“அவுகளுக்குப் பிடிக்கலைன்னா நான் கீபோர்டக் கட்டிப் பரண்ல போட்டுருவேன். பாட்டுக்காக இன்னொரு தடவ தனியா கெடக்க என்னால ஏலாது.”

டீச்சர் வேண்டாம் என்றால் அண்ணனுக்குக் கல்யாணமும் போச்சு, எங்களுக்குப் பாட்டும் போச்சு.

எங்கள் குரூப்பில் ஒரு வழக்கம் உண்டு. புது ஆளுக்கு அண்ணனை அறிமுகம் செய்வதென்றால் மூன்று பாட்டுதான் கொடுப்போம். மூன்றையும் மூன்று ரசிகர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒருவர் எடுத்ததை இன்னொருவர் குறை சொல்லக் கூடாது. இந்தக் கடைசி விதியை இதுவரை யாரும் மதித்ததில்லை.

முனியசாமி நண்டுப் பாட்டு என்றான். ஏலே, ஒரு சம்பந்தத்தைக் கெடுத்தது பத்தாதா என்று அக்கா பாய்ந்தார். அவர் எடுத்த மாதா பாட்டை, அது பாட்டா ஜெபமா என்று நான் கேட்டேன். என் பஸ் ஸ்டாண்ட் பாட்டை, தூக்க மாத்திரை என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் வேண்டா வெறுப்பாக மாதா பாட்டு, மழைப் பாட்டு, குடைப் பாட்டு என்று மூன்றுக்கு ஒத்துக்கொண்டோம்.

அத்தோடு விட்டிருக்கலாம். இந்தச் சத்தத்தோட குடுத்தா டீச்சரம்மா என்ன நினைப்பாக பாய் என்று அக்கா ஆரம்பித்தார். உச்சிப்புளிப் பக்கமிருந்து பறந்து வரும் ஹெலிகாப்டர், சேவல், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் அண்ணன் பாட்டில் இருக்கும். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினேன். குடைப் பாட்டின் நடுவில் குக்கர் விசில் அடிக்கும். அண்ணன் பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவார். கீபோர்டு தாளம் மட்டும் ஒரு நிமிஷம் அனாதையாக ஓடும். பிறகு வந்து விட்ட இடத்திலிருந்து பாடுவார். அந்த ஒரு நிமிஷத்தையும் வெட்டி, இரண்டு முனையையும் ஒட்டினேன். ஒட்டிய இடம் தெரியவில்லை என்று முனியசாமி என் முதுகில் தட்டினான், நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஹார்ட் டிஸ்கில் இரண்டு ஃபோல்டர் போட்டேன். ஒன்றுக்கு ‘கழுவினது’ என்று பேர், இன்னொன்றுக்குக் ‘கழுவாதது’.

நல்லா இருக்கு

பதினொரு நிமிஷம் முடிந்து டீச்சர் ஹெட்போனைக் கழற்றினார். வயரைச் சிக்கில்லாமல் சுற்றி கவுண்டரில் வைத்தார். பிறகு, நல்லா இருக்கு என்றார்.

கல்யாண வீட்டில் சாம்பார் எப்படி என்று கேட்டால் சொல்கிற ‘நல்லா இருக்கு’ அது. யார் பாடினாலும் இப்படித்தான் இருக்கும் இல்லையா என்று பணிவாக வேறு கேட்டார். ஜெசிந்தா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஃபேனைப் போட்டேன்.

கிளம்பும்போது மரியாதைக்காக, இன்னும் நாலைந்து பாட்டு இருந்தால் கொடுங்கள் என்று தன் போனை நீட்டினார். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். மனது வேறு சரியில்லை. ஃபோல்டரை இழுத்துப் போட்டு, காப்பி ஆனதும் போனைக் கொடுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடினேன். திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் இழுத்துப் போட்டது ‘கழுவாதது’. நண்டு, செருப்பு, கிளார்க், சேவல், சண்டை எல்லாம் மொத்தமாக டீச்சர் கைக்குப் போய்விட்டது.

அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எட்டு நாள் டீச்சர் போனை எடுக்கவே இல்லை.

டீச்சரின் கேள்வி

ஒன்பதாம் நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும்… இல்லை, அப்போது கோடை விடுமுறை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் கடைக்குள் நுழைந்தார். கையில் நாற்பது பக்க நோட்டு. இருநூறு பாட்டுக்கு மேல் கேட்டுவிட்டாராம். சிவப்பு மையில் வரிசையாகக் குறிப்பு எழுதியிருந்தார். நண்டுப் பாட்டுக்கு நேரே ஒரு டிக் இருந்ததை முனியசாமிக்குப் பிறகு சொன்னேன், ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்தான்.

நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

“குடைப் பாட்டு நடுவுல குக்கர் சத்தம் கேட்டு எந்திரிச்சுப் போறாகளே. யாருக்குச் சாப்பாடு குடுக்கப் போறாக?”

நான் அய்யாவைப் பற்றிச் சொன்னேன். டீச்சர் குனிந்து நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் அதிக தடவை கேட்டேன் என்றார். வால்யூமைக் கூட்டி வைத்தால் தட்டு வைக்கிற சத்தம், ‘சூடா இருக்கு, ஊதித் தாரேன்’ என்று அண்ணன் சொல்வது, அய்யா ஏதோ குழறுவது எல்லாம் கேட்கிறதாம். எனக்கு உடம்பு கூசியது. இத்தனை வருஷ ரசிகன், வால்யூமைக் கூட்டிக் கேட்கத் தோன்றவில்லை. வெட்டத்தான் தோன்றியது.

“நீங்க மொதல்ல குடுத்ததுல இது இல்லையே பாய்?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. வெட்டிவிட்டேன் என்று ஒத்துக்கொண்டேன். கணக்கில் தப்புப் போட்ட பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார், திட்டவில்லை. ஆனால் சம்மதமும் சொல்லவில்லை. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

“குடும்பம்னா நேத்து செஞ்சதையே இன்னைக்கும் செய்யணும் பாய். அதே சோறு, அதே கொழம்பு, அதே மொகம். ஒரு பாட்ட ரெண்டாந்தடவ பாட மாட்டேங்குற ஆளு, அதுல நிப்பாகளா? இந்தக் குடைப் பாட்ட எனக்கு ஒரு தடவ பாடிக் காட்டச் சொல்லுங்க. அப்பறம் பேசுவோம்.”

இன்னொரு தடவ போடு

பாம்பனில் ஒரு போட்டின் வயிற்றுக்குள் படுத்திருந்த அண்ணனிடம் இதைச் சொன்னோம். ஸ்பேனர் சத்தம் நின்றது. மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர், எனக்கு அந்தப் பாட்டு ஞாபகமே இல்லையே பாய் என்றார். அவர் கவலை அது.

மறுநாள் கடைக்கு வந்தார். டீச்சர் உட்கார்ந்த அதே நாற்காலி, அதே ஹெட்போன். ‘கழுவாதது’ ஃபோல்டரைத் திறந்து குடைப் பாட்டைப் போட்டேன். ரயிலில் தவறவிட்ட குடையைப் பற்றிய பாட்டு அது.

*கருப்புக் குடையே, கம்பி வளஞ்ச குடையே,*
*டிக்கெட் எடுக்காம ராமேஸ்வரம் போறியே…*

தலையை ஆட்டிச் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எவன்டா இவன் கிறுக்குப் பய என்றார். நடுப்பகுதி வந்ததும் சிரிப்பு நின்றது. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். அய்யா போனபிறகு அய்யாவின் குரலை அவர் கேட்டதே இல்லை. பதிவு எதுவும் கையில் கிடையாது, எல்லாவற்றையும் அவரேதான் அழித்திருந்தார்.

“உப்பு கம்மிங்கிறாரு பாய்” என்றார். டீச்சர் சொன்னபிறகு நாங்களும் வால்யூமைக் கூட்டிக் கேட்டிருந்தோம், அந்தக் குழறல் எங்கள் யாருக்கும் புரியவில்லை, அவருக்குப் புரிந்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், “இன்னொரு தடவ போடு” என்றார்.

எதையும் இரண்டாம் தடவை தொடாத மனிதர் அன்றைக்கு அதை ஏழு தடவை கேட்டார். நான் ஒவ்வொரு தடவையும் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். நான் வெட்டி ஒட்டிய லட்சணத்தை நினைத்து என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

தங்கச்சிமடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பூசை முடிந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என்று ஏற்பாடு. அண்ணன் வீட்டு முன்னறையில் நீல டப்பு. முனியசாமி கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டு, வழக்கம்போல வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். டீச்சர் டப்பைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. செருப்பை வெளியே விட்டு வந்து ஜெசிந்தா அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் போனில் ரெக்கார்டிங்கை ஆரம்பித்தேன்.

அண்ணன் புதுச்சட்டை போட்டிருந்தார். நகக்கண்ணில் மட்டும் கிரீஸ் போகவில்லை. டிஸ்கோ தாளத்தை ஓடவிட்டுப் பாட ஆரம்பித்தார். முதல் சரணத்தில் குடை பரமக்குடியைத் தாண்டியது. இரண்டாவதில் ஒரு வார்த்தை மறந்து, ஜெசிந்தா அக்கா வாயசைத்து எடுத்துக் கொடுத்தார். குடை மண்டபம் வந்து சேர்ந்தது.

அதற்கு அடுத்தது குக்கர்.

அண்ணன் நின்றுவிட்டார். மறதி இல்லை அது. அவர் பார்வை உள்ளறை மூலைக்குப் போனது. அய்யாவின் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது இன்ஜின் சாமான் சாக்குதான் இருந்தது. தாளம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ச் சோறு ஊட்டவும் ஆள் இல்லை, தொடர்ந்து பாடவும் வாய் வரவில்லை. நான் ஜெசிந்தா அக்காவைப் பார்த்தேன், அக்கா மாதா படத்தைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது விசில் அடித்தது.

அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்த வீட்டில் அடுப்பு மூட்டியே வெகுகாலம் ஆகியிருந்தது. மறுபடியும் விசில். சகாயமேரி டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டைக் குவித்து, ரெக்கார்டிங்கில் வருகிற அதே இழுப்பில், அதே இடைவெளியில், குக்கர் மாதிரியே விசில் அடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது விசிலை இறங்குமுகமாகத் தேயவிட்டு முடித்தார். எத்தனை தடவை கேட்டிருந்தால் அந்தத் தேய்மானம்கூட வரும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு அண்ணனைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

“பருப்பு வெந்துருச்சு, நான் போயி எறக்குறேன். நீங்க பாடுங்க.”

சொன்னபடி எழுந்து, வெறும் அடுப்படிக்குள் போய்விட்டார். அண்ணன் ஒரு நிமிஷம், சரியாக ஒரு நிமிஷம், தாளத்தை ஓடவிட்டார். அப்புறம் விட்ட இடத்திலிருந்து, அதே சுருதியில், குடையைப் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் கொண்டுபோய்ச் சேர்த்தார். முனியசாமி வயரைப் பிடித்த கையாலேயே கண்ணைத் துடைக்கப் போனான், நான் பாய்ந்து தடுத்தேன்.

அந்தப் பதிவு என் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. டீச்சரின் விசில், ஜெசிந்தா அக்கா மூக்கை உறிஞ்சுவது, ‘ஏலே வயரு’ என்று நான் கத்துவது, அடுப்படியில் பாத்திரத்தைத் தேடி உருட்டுகிற சத்தம் எல்லாம் அதில் கேட்கும். ஒரு வினாடிகூட வெட்டவில்லை.